ஐ.பி. போட்டது நிஜமா? கிருஷ்ணகிரியில் திவால் மனுவையும் கோர்ட் விவரத்தையும் தேடி எடுக்கும் வழி

மண்டியில் ஒருவர் இரண்டு மாதம் சேர்ந்தாற்போலப் பணம் தராமல் இழுத்தால் பேச்சு கிளம்பிவிடும்: "அவர் ஐ.பி. போட்டுட்டாராம்." மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது கடனாளியை நொடித்தவர் (திவாலானவர்) என்று அறிவிக்கக் கேட்டுக் கோர்ட்டில் போடும் மனு. யார் சொன்னது என்று பின்னாலேயே விசாரித்துக்கொண்டு போனால் அது பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை போகும், கோர்ட் வரை போகாது.

பேச்சு நிஜமா, எந்தக் கோர்ட், என்ன எண், இன்று எந்த நிலையில் நிற்கிறது என்பதை நாமே பார்த்துவிடலாம். நான் வக்கீல் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் மண்டிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஒரு முறை என் சொந்தப் பணமே மாட்டியபோது இந்த வேலையைத் தலைகீழாகச் செய்து நான்கு மாதத்தை வீணடித்தேன். அதன்பிறகு தெரிந்தவர்கள் பலருக்குக் கூடமாட நின்று பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் இடறுவது ஒரே இடத்தில்தான். ஆள் யார், ஊர் எது என்று முடிவு செய்யாமல் நேராகப் போனை எடுத்துப் பெயரைத் தட்டுகிறார்கள். ஒன்றும் வராவிட்டால் "அப்படி எதுவும் இல்லை" என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

1. கிளம்புமுன் மேசையில் இருக்க வேண்டியவை

அவருடைய முழுப் பெயர், இனிஷியல், அப்பா பெயர், குடியிருக்கும் ஊர், கடை இருக்கும் ஊர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். புரோநோட்டு, காசோலை, பில் மூன்றிலும் பெயர் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தனித்தனியாகக் குறியுங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்காது. கோர்ட் பதிவு ஆங்கில எழுத்தில் இருப்பதால் இந்தச் சின்ன வித்தியாசம்தான் பின்னால் உங்களை அலைய வைக்கும்.

பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதையும் எழுதுங்கள். கோர்ட்டிலிருந்து கடிதம் ஏதாவது வந்திருந்தால், கவரோடு சேர்த்து எடுத்து வையுங்கள். கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். எந்தத் தேதியில் கையில் கிடைத்தது என்று சொல்ல அந்த முத்திரை பின்னால் தேவைப்படும்.

ஒருவர் என்னிடம் "மேட்டுத்தெரு ராஜு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறு லட்சம் கொடுத்திருந்தார். ராஜுவின் பத்திரப் பெயர் என்ன என்றே அவருக்குத் தெரியவில்லை. அது தெரிய மூன்று நாள் ஆனது, வழக்கைத் தேட பத்து நிமிடம்.

ஒரு சொல் விஷயம். நம் பேச்சில் கடன்காரர் என்றால் கொடுத்தவரும் அவர்தான், வாங்கியவரும் அவர்தான். கோர்ட் தாளில் அந்தக் குழப்பம் கூடாது. இங்கே கடன் கொடுத்தவர், கடனாளி என்றே எழுதுகிறேன்.

2. தனி ஆளா, கூட்டு வியாபாரமா, கம்பெனியா?

இதை முதலில் பிரிக்கக் காரணம், மூன்றும் ஒரே கதவுக்குப் போகாது என்பதுதான். தனி ஆளும் கூட்டு வியாபாரமும் நொடித்துப்போனால் வழக்கு உள்ளூர் சிவில் கோர்ட்டில், 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி நடக்கும். பிரைவேட் லிமிடெட், லிமிடெட் கம்பெனி என்றால் 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டப்படி தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம், அதாவது என்.சி.எல்.டி. 2016 சட்டத்தில் தனி ஆட்களுக்கான பகுதியும் உண்டு. ஆனால் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் அது 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்குப் பழைய 1920 சட்டமே.

நம் ஊரில் நாலு பேர் வேலை செய்தால் கம்பெனி என்போம். போர்டில் "டிரேடர்ஸ்", "ஃபுட்ஸ்", "அண்டு கோ" என்று இருப்பதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். ஜி.எஸ்.டி. எண்ணே சொல்லிவிடும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 33 தமிழ்நாடு, 29 கர்நாடகம், 37 ஆந்திரம். அடுத்த பத்து எழுத்து பான் எண். மொத்த எண்ணில் ஆறாவதாக வரும் ஆங்கில எழுத்து 'பி' என்றால் தனி ஆள், 'எஃப்' என்றால் கூட்டு வியாபாரம், 'சி' என்றால் கம்பெனி. ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உரிமையாளரின் சட்டப்பூர்வப் பெயரும் தொழில் வகையும் காசு செலவில்லாமல் தெரியும். கடைப் பெயரை வைத்துத் தேடிக்கொண்டிருந்தவருக்கு ஆள் பெயர் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

3. எந்த ஊர்க் கோர்ட்?

தனி ஆள் என்றால், அவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடம், தொழில் நடத்தும் இடம், கூலிக்கோ சம்பளத்துக்கோ வேலை செய்யும் இடம் இவற்றில் ஒன்றின் எல்லைக்குட்பட்ட கோர்ட்டில் மனு போடலாம். ஏற்கெனவே கைதாகி உள்ளே இருந்தால், அடைக்கப்பட்டிருக்கும் இடத்துக் கோர்ட்டிலும் போடலாம். இதனால் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கோர்ட்டைப் பார்க்க வேண்டி வரும்.

தமிழ்நாட்டில் இந்த மனுக்கள் வழக்கமாகச் சார்பு நீதிமன்றத்தில், அதாவது சப் கோர்ட்டில் தாக்கலாகும். முன்சீப் கோர்ட்டில் தேடிப் பயனில்லை. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்து ஆள் என்றால் கிருஷ்ணகிரியில் ஆரம்பியுங்கள். ஓசூர்ப் பக்கம் என்றால் ஓசூர். மற்ற தாலுகாக்களுக்கு எந்தச் சப் கோர்ட் என்பதை மாவட்ட நீதிமன்றத்தின் இணையதளத்தில் எல்லைப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். புதுக் கோர்ட் திறந்தால் எல்லை மாறும்.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் மூன்று மாநில எல்லை. ஓசூரில் வீடு வைத்துக்கொண்டு அத்திப்பள்ளியில் கடை நடத்துகிறவர் கர்நாடகத்துக் கோர்ட்டில் மனு போட்டிருக்கலாம். வேப்பனப்பள்ளிப் பக்கத்தவர் குப்பத்தில் தொழில் செய்தால் ஆந்திரத்தையும் பார்க்க வேண்டும். சென்னைக்குக் குடிபோனவர் என்றால் கதை வேறு. சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது, மனு உயர்நீதிமன்றத்தில் இருக்கும்.

பழைய விவரம் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9. அதற்கு முந்தைய வழக்குக் கட்டுகளிலும் நகல்களிலும் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். சொத்து தகராறுக்காக 1990களின் ஐ.பி. ஒன்றைத் தேடியவர், தலைப்பில் தருமபுரி என்று பார்த்ததுமே "இது நம்முடையது இல்லை" என்று வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

4. இ-கோர்ட்ஸில் தேடுவது

இப்போதுதான் போன். இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் என்ற அரசுத் தளமும் செயலியும் இருக்கின்றன. கட்டணம் இல்லை. வழக்கு நிலை பகுதிக்குப் போய் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வளாகம் மாறினால் பட்டியலும் மாறும். கிருஷ்ணகிரி வளாகத்தில் தேடியது ஓசூருக்கும் சேர்த்துத்தான் என்று நினைப்பது முதல் தவறு.

நோட்டீசில் ஐ.பி. எண்ணும் வருடமும் இருந்தால் வேலை சுலபம், வழக்கு எண்ணாலேயே தேடுங்கள். சி.என்.ஆர். என்ற பதினாறு எழுத்து எண் இருந்தால் இன்னும் சுலபம். நாட்டில் ஒரு வழக்குக்கு ஒரு எண்தான், வளாகம்கூடத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஒன்றும் இல்லாமல் பெயர் மட்டும் கையில் இருந்தால் கவனமாகச் செய்யுங்கள். முழுப் பெயரையும் தட்டாதீர்கள். குறைந்தது மூன்று எழுத்து கேட்கும். நான்கைந்து எழுத்தோடு நிறுத்துங்கள். சீனிவாசன் ஒரு தாளில் 'எஸ்.ஆர்.' என்று தொடங்குவார், இன்னொன்றில் 'எஸ்.இ.இ.' என்று தொடங்குவார். முனிராஜ், முனிராஜு, முனிராஜப்பா எல்லாரும் முதல் நான்கு எழுத்தில் ஒன்றாக வந்துவிடுவார்கள். தெலுங்கும் கன்னடமும் கலந்த பெயர்கள் அதிகமுள்ள நம் பக்கத்தில் இந்தக் குட்டை வழிதான் கைகொடுக்கும். இனிஷியலைத் தேடும் பெட்டியில் போடவே வேண்டாம். தட்டச்சு செய்தவர் அதை முன்னால் வைத்தாரா பின்னால் வைத்தாரா என்பது அவருக்கே நினைவிருக்காது.

வருடம் கேட்கும் இடத்தில் பணம் கொடுத்த வருடத்தைப் போடுகிறார்கள். அங்கே வேண்டியது வழக்குப் பதிவான வருடம். பணம் நின்ற வருடத்தில் தொடங்கி இந்த வருடம் வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிலுவை, முடிந்தது என்ற இரண்டையும் சேர்த்துக் காட்டும் தேர்வை வையுங்கள். நிலுவை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட்டால், போன மாதம் முடிந்த வழக்கு கண்ணில் படாது.

சின்ன ஊரின் வசதி ஒன்று உண்டு. பெயர் கிடைக்காவிட்டால் வழக்கு வகை என்ற தேர்வுக்குப் போய், சார்பு நீதிமன்றத்தின் கீழ் ஐ.பி. என்ற வகையைப் பிடித்து, வருடத்தைப் போடுங்கள். அந்த வருடத்தில் பதிவான ஐ.பி. மனுக்கள் அத்தனையும் வரிசையாக வரும். சென்னை மாதிரி இடத்தில் இப்படி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்ல முடியாது. இங்கே ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் கண்ணை ஓட்டிவிடலாம். நான் இப்போதெல்லாம் இதைத்தான் முதலில் செய்கிறேன், பெயர்த் தேடல் அப்புறம்தான்.

பட்டியலில் பெயரை எப்படிப் படிப்பது என்பதும் முக்கியம். கடனாளி தானே மனு போட்டால் அவர் மனுதாரர், பணம் கொடுத்தவர்கள் எதிர்மனுதாரர்கள். முதல் எதிர்மனுதாரர் பெயரும் "மற்றும் 23 பேர்" என்பது போலவும் மட்டும்தான் வெளியில் தெரியும். நீங்கள் பதினேழாவது ஆளாக இருந்தால் உள்ளே திறந்தால்தான் உங்கள் பெயர் இருக்கும். அதனால் கடனாளி பெயரோடு உங்கள் பெயரையும் ஒரு முறை போட்டுத் தேடுங்கள். பணம் கொடுத்தவரே கடனாளியை நொடித்தவராக அறிவிக்கச் சொல்லி மனு போட்டிருந்தால் நிலைமை மாறும், கடனாளி எதிர்மனுதாரர் பக்கத்தில் இருப்பார்.

எதிலும் வரவில்லையா? மனு தாக்கலாகி இன்னும் எண்ணிடப்படாமல் இருக்கலாம். குறை இருந்தால் திருப்பிக் கொடுப்பார்கள், சரி செய்து மீண்டும் போட வேண்டும். "போட்டுட்டேன், போய்ப் பாத்துக்கோங்க" என்று போனில் மிரட்டுகிறவர்களின் மனு இந்தக் கட்டத்தில் கிடப்பதும் உண்டு. பதினைந்து நாள் விட்டு மறுபடி பாருங்கள்.

5. நிலையைப் படிப்பது: மனு போட்டதும் திவால் ஆனதும் ஒன்றல்ல

வழக்கு கிடைத்தவுடன் பாதிப் பேர் "பணம் போச்சு" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கடனாளியும் அதைத்தான் விரும்புவார். மனு என்பது கேட்பது மட்டும். கோர்ட் விசாரித்து நொடித்தவர் என்று உத்தரவு போட்டால்தான் அவர் சட்டப்படி நொடித்தவர்.

வழக்கு வரலாற்றில் ஒவ்வொரு வாய்தா தேதியும் வரிசையாக இருக்கும். தேதியைத் தொட்டால் அன்று என்ன நடந்தது என்று இரண்டு வரி ஆங்கிலத்தில், சுருக்கெழுத்தாக வரும். "எதிர்மனுதாரர் 4 முதல் 11 வரை நோட்டீஸ் சேரவில்லை, மறு நோட்டீஸ்" என்ற மாதிரி இருக்கும். 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்து வந்தால் எதிர்மனுதாரரின் வரிசை எண் என்று படியுங்கள். எட்டு வாய்தாவும் நோட்டீசிலேயே போயிருந்தால், மனு காலத்தை ஓட்டுவதற்காகப் போட்டதா என்ற சந்தேகம் நியாயமானதுதான்.

நோட்டீஸ், எதிருரை, விசாரணை, உத்தரவு என்று போகும். உத்தரவு இரண்டு விதம். தள்ளுபடி ஆனால் உங்கள் வசூல் வழி பழையபடி திறந்திருக்கும். மனுதாரர் வராததால் தள்ளுபடி ஆகியிருந்தால் மறுபடி உயிர் கொடுக்கக் கேட்கலாம், அதையும் கவனியுங்கள். நொடித்தவர் என்று அறிவித்தால் அவருடைய சொத்து கோர்ட்டின் கைக்கோ, கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும். அதன்பிறகு கோர்ட் அனுமதி இல்லாமல் அந்தக் கடனுக்காகத் தனியாக வழக்குப் போட முடியாது. அந்த உத்தரவு மனு கொடுத்த நாளிலிருந்தே செல்லும் என்பது 1920 சட்டத்தின் 28ஆவது பிரிவு. இடையில் அவர் உங்களுக்கு மட்டும் ரகசியமாக ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அது நிற்குமா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சந்தோஷப்படுங்கள்.

அறிவிப்போடு கதை முடிவதில்லை. கடனிலிருந்து விடுதலை கேட்டு மனு போட கோர்ட் ஒரு கெடு கொடுக்கும். கெடுவுக்குள் போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகலாம். இ-கோர்ட்ஸில் "முடிந்தது" என்று ஒரு சொல்தான் இருக்கும். தள்ளுபடியா, அறிவிப்பா என்று உத்தரவைத் திறந்து படிக்காமல் அந்த ஒரு சொல்லை நம்பாதீர்கள். நான் நான்கு மாதம் வீணடித்தேன் என்றேனே, அது இந்த இடம்தான். "முடிந்தது" என்பதைப் பார்த்துவிட்டு அவர் கடன் ரத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உத்தரவில் இருந்தது மனு தள்ளுபடி என்று.

6. கம்பெனி என்றால்

ஓசூர் சிப்காட்டில் ஆலை இருந்தாலும், வழக்கு ஆலை இருக்கும் ஊரைப் பார்க்காது. பதிவு அலுவலகம் எங்கே என்பதைத்தான் பார்க்கும். பதிவு அலுவலகம் தமிழ்நாட்டில் என்றால் என்.சி.எல்.டி. சென்னை, பெங்களூரில் என்றால் பெங்களூரு அமர்வு. கம்பெனியின் லெட்டர்பேடில் இருக்கும் இருபத்தொரு எழுத்து அடையாள எண்ணின் நடுவில் இரண்டு எழுத்து மாநிலக் குறி இருக்கும். 'டி.என்.' தமிழ்நாடு. 'டி.இசட்.' என்றிருந்தாலும் தமிழ்நாடுதான், கோவைப் பதிவாளரிடம் பதிந்தவை. 'கே.ஏ.' கர்நாடகம்.

மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் பதிவு அலுவலக முகவரியும் நிலையும் தெரியும். நொடிப்பு நடவடிக்கை தொடங்கியிருந்தால் அங்கேயே காட்டும். அதன்பின் ஐ.பி.பி.ஐ. என்ற நொடிப்பு வாரியத்தின் தளத்தில் பொது அறிவிப்புகளைத் தேடுங்கள். பாக்கித் தொகையைக் கோரக் கடைசித் தேதி அதில் இருக்கும். வழக்கமாகப் பதினான்கு நாள் கெடுதான், அதனால் இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். கோர்ட் கூப்பிடும் என்று காத்திருந்து கெடுவை விட்ட சப்ளையர்கள் உண்டு. இங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள், நாமே படிவத்தோடு போக வேண்டும்.

குறைந்தது ஒரு கோடி ரூபாய் நிலுவை இருந்தால்தான் கடன் கொடுத்தவர் என்.சி.எல்.டி. போக முடியும். உங்களுக்கு நாலு லட்சம் வர வேண்டும் என்றால் அந்தக் கதவைத் தட்டப் போவது நீங்கள் இல்லை. வேறு யாராவது தட்டினார்களா என்று பார்ப்பதே உங்கள் வேலை.

7. நேரில் போகும் நாள்

இணையத்தில் எண் கிடைத்த பிறகு போங்கள். எண் இல்லாமல் போனால் வாசலில் "நான் பார்த்துத் தர்றேன் சார்" என்று ஒருவர் நிற்பார். வக்கீல் குமாஸ்தாக்களில் நல்லவர்கள் நிறைய, ஆனால் உங்கள் கையில் எண் இருந்தால் ஐம்பது ரூபாய் டீச்செலவோடு முடிவது, எண் இல்லாவிட்டால் ஆயிரத்துக்குப் போகும்.

காலையில் பத்தரைக்குக் கோர்ட் உட்கார்ந்ததும் வழக்குகளை அழைப்பார்கள். அப்போது ஊழியர்களிடம் போய் நிற்காதீர்கள். உங்கள் வழக்கு அன்று பட்டியலில் இருந்தால் பின்வரிசையில் உட்கார்ந்து என்ன தேதி சொல்கிறார்கள் என்று கேளுங்கள், கோர்ட் யார் வேண்டுமானாலும் உட்காரக்கூடிய இடம்தான். விவரம் கேட்க மதியம் நல்லது. நடக்கிற வழக்கின் கட்டு சம்பந்தப்பட்ட பிரிவில் இருக்கும், முடிந்த வழக்கின் கட்டு பதிவறைக்குப் போய்விடும். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் கோர்ட் அலுவலகத்தின் தலைமை ஊழியரான சிரஸ்தாரிடம் வழக்கு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கட்டைப் பிரித்துக் காட்டு என்று யாரையும் வற்புறுத்த வேண்டாம். உங்கள் வக்கீல் முறைப்படி பார்வையிட மனு போடலாம்.

மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. மாங்காய் மண்டிக்காரர்களுக்கு மூச்சு விட நேரமில்லாத மாதத்தில் கோர்ட் மூடியிருக்கும். ஏப்ரலிலேயே நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

8. சான்றிட்ட நகல் வாங்குவது

இ-கோர்ட்ஸில் இறக்கிய தாள் உங்களுக்குத் தெரிந்துகொள்ள உதவும். வேறு கோர்ட்டிலோ வங்கியிலோ கொடுக்க முத்திரையிட்ட சான்றிட்ட நகல் வேண்டும். நகல் மனுவில் வழக்கு எண், எந்த ஆவணம், எந்தத் தேதி உத்தரவு என்று தெளிவாக எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுங்கள். "எல்லா நகலும்" என்று எழுதினால் மனு திரும்பும். ஐ.பி. மனு, கடன் கொடுத்தவர்கள் பட்டியல், சொத்துப் பட்டியல், கடைசி உத்தரவு என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். உத்தரவை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் சொத்துப் பட்டியலுக்காக மறுபடி வருவார்கள்.

மனு கொடுத்துவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது. நகலுக்குத் தேவையான ஸ்டாம்ப் தாள் எத்தனை என்று கணக்குப் பார்த்து, நகல் மனு எண்களைப் பலகையில் ஒட்டுவார்கள். சொன்ன நாளுக்குள் ஸ்டாம்ப் கட்டாவிட்டால் மனு அடிபட்டுப் போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதியவர்கள் அதிகம் தோற்பது இந்தப் பலகையிடம்தான்.

நீங்கள் எதிர்மனுதாரர் என்றால் நகல் கேட்பது உங்கள் உரிமை. பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்றால் மூன்றாம் நபர். ஏன் வேண்டும் என்று பிரமாண வாக்குமூலத்தோடு மனு போட்டு, நீதிபதி அனுமதித்தால்தான் கிடைக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் போதாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போதாது. வழக்கு ஆவணங்களைக் கோர்ட் விதிப்படிதான் வாங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது.

நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மனு கொடுத்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள் எல்லாம் இருக்கும். சப் கோர்ட் உத்தரவை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக முப்பது நாள். நகலுக்காகப் போன நாட்களை அந்தக் கணக்கில் கழிக்கலாம். ஸ்டாம்ப் கட்ட நீங்கள் தாமதித்த நாட்கள் உங்கள் தலையில்தான் விழும்.

9. பக்கத்திலேயே பார்க்க வேண்டியவை

வில்லங்கச் சான்றைப் பத்திரப்பதிவுத் துறையின் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அது பதிவு அலுவலகத்துக்கு வந்த ஆவணங்களை மட்டும்தான் காட்டும். வில்லங்கம் சுத்தமாக இருப்பதால் ஐ.பி. இல்லை என்று ஆகாது. ஆனால் வேறொரு காரணத்துக்காகக் கட்டாயம் பாருங்கள். மனு போடுவதற்கு எட்டு மாதம் முன்னால் மனைவி பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். நொடித்தவர் என்ற அறிவிப்புக்குக் காரணமான மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் இப்படிச் சும்மா மாற்றிய சொத்தை ரிசீவர் மூலம் திரும்பக் கேட்க 1920 சட்டத்தின் 53ஆவது பிரிவு வழி விடுகிறது.

காசோலை திரும்பிய வழக்கு இருந்தால் அது குற்றவியல் நடுவர் கோர்ட்டில் தனியாக ஓடும். இ-கோர்ட்ஸில் அதே வளாகத்தில் அதே பெயரை வைத்து அதையும் பாருங்கள். தீர்ப்பான பணத்தை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனு, நம் பேச்சில் இ.பி., நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாரோ ஒருவர் கைது வாரண்ட் வரை வந்த அதே வாரத்தில் ஐ.பி. தாக்கலாகியிருந்தால், அந்தத் தேதிகளே உங்கள் வக்கீலுக்கு நல்ல ஆயுதம்.

10. நோட்டீஸ் உங்களுக்கே வந்திருந்தால்

மஞ்சள் கடுதாசி என்று பெயர்தான், தாள் எந்த நிறத்திலும் வரும். கோர்ட் ஊழியரான அமீனா கொண்டுவந்தால் வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவது நீங்கள்தான்.

கோர்ட் பெயர், ஐ.பி. எண், வாய்தா தேதி, உங்கள் வரிசை எண் நான்கையும் குறியுங்கள். அடுத்து கடன் பட்டியலைப் பாருங்கள். உங்களுக்குத் தர வேண்டியது எட்டு லட்சம் என்றால் பட்டியலில் மூன்று என்றிருக்கும். கடனாளியின் மைத்துனருக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் இருபது இருபதாக இருக்கும். ஒரு பட்டியலில் முதல் ஐந்து பேருமே ஒரே ஊர், ஒரே தெரு. அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வக்கீலிடம் கொடுத்தோம். குறுக்கு விசாரணை அங்கிருந்துதான் தொடங்கியது.

வாய்தாவுக்குப் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடுவீர்கள், அதாவது உங்களைக் கேட்காமலே வழக்கு நடக்கும். அதோடு புரோநோட்டுக்கு மூன்று வருடக் கெடு தனியாக ஓடிக்கொண்டே இருக்கும். ஐ.பி. நிலுவையில் இருப்பதால் அது நின்றுவிட்டது என்று நினைத்துச் சிவில் வழக்கைப் போடாமல் விட்டவர்களுக்கு, மனு தள்ளுபடியான நாளில் கையில் வெறும் காகிதம்தான் மிஞ்சும். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், வருமான வரம்புக்குள் வருகிறவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணில் முதலில் கேட்டுக்கொள்ளலாம்.

வாய்தாவுக்கு முதல் நாள் இரவு இ-கோர்ட்ஸில் ஒரு முறை எண்ணைப் போட்டுப் பாருங்கள். தேதி மாறியிருந்தால் காலையில் சூளகிரியிலிருந்து பஸ் ஏறும் வேலை மிச்சம்.